தலையில் சில்லு, கழுத்தில் மின்சாரம்: சி6 அடிபட்டவருக்கு விரல் மறுபடி அசையுமா?

#1 பொதிகைச்சாரல்

வணக்கம். இங்கே படிப்பதோடு சரி, எழுதுவது இதுதான் முதல் முறை.

என் தம்பிக்கு 26 வயது. எட்டு மாதத்துக்கு முன்னால் கிணற்றில் தலைகீழாகப் பாய்ந்தான். தண்ணீர் வற்றியிருந்ததை அவன் கவனிக்கவில்லை. கழுத்து முறிந்துவிட்டது. ரிப்போர்ட்டில் சி6 என்று, அதாவது கழுத்துப் பகுதியின் ஆறாவது நரம்பு மட்டம் என்று போட்டிருக்கிறது. தோளைத் தூக்குகிறான், முழங்கையை மடக்குகிறான், மணிக்கட்டையும் மேலே தூக்குகிறான். விரல்கள்தான் ஒன்றும் செய்யவில்லை. மருத்துவமனையிலிருந்து அனுப்பும்போது, "இனிமேல் இவ்வளவுதான், வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்" என்றார்கள். அந்த ஒரு வாக்கியத்தோடு வீட்டுக்கு வந்தோம்.

போன வாரம் வாட்ஸப்பில் ஒரு வீடியோ வந்தது. அமெரிக்காவில் ஒருவர், இவனைப் போலவே அடிபட்டவர், மூளையில் சில்லு வைத்துக்கொண்டு கையால் கிட்டார் விளையாட்டு ஆடுகிறார். தம்பி அதைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறான். அப்பா ஒன்றரை ஏக்கரை விற்றுவிடலாம் என்று பேச ஆரம்பித்துவிட்டார். அம்மா தினமும் சாயங்காலம் நல்லெண்ணெய் தேய்த்து, ஒவ்வொரு விரலாக நீவி, சொடக்கு எடுத்து, நேராக்கிவிட்டுத்தான் எழுந்திருப்பார்.

இந்தச் சிகிச்சை நிஜமா? நம்மைப் போன்றவர்களுக்குக் கிடைக்குமா?

#2 நாலுசக்கரம்

நிலத்தை விற்காதீர்கள். நானும் சி6தான், 14 வருடம் ஆகிறது. மீதியை ராத்திரி எழுதுகிறேன். நான் ஒரு பக்கம் அடிக்க ஒரு மணி நேரம் ஆகும்.

#3 மின்னோட்டம்

நான் பயோமெடிக்கல் பொறியாளன். மருத்துவர் இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

வீடியோ நிஜம். அவர் இயன் பர்க்கார்ட், ஒஹையோக்காரர். 2010இல், 19 வயதில், கடலில் பாய்ந்தபோது அடியில் மணல்திட்டு இருந்திருக்கிறது. உங்கள் தம்பிக்கு நடந்த அதே கதை. 2014இல் ஒஹையோ அரசுப் பல்கலைக்கழக மருத்துவமனையில், மூளையில் கை அசைவைப் பார்த்துக்கொள்ளும் இடத்தில் பட்டாணி அளவுச் சில்லு ஒன்றை வைத்தார்கள். சீப்புப் பல் மாதிரி 96 மின்முனைகள். அவர் கையை மூட நினைக்கும்போது அங்கே எழும் சமிக்ஞையைக் கணினி படித்து, முன்கையில் சுற்றிய பட்டைக்கு அனுப்பும். பட்டையில் உள்ள மின்முனைகள் தசையைச் சுண்டி இழுக்கும். ஊருக்குள் பாலம் இடிந்துவிட்டால் வண்டியை பைபாஸில் திருப்பிவிடுவதில்லையா, அதே வேலைதான். 2016 ஏப்ரலில் நேச்சர் இதழில் கட்டுரை வந்தது. பாட்டிலை எடுத்து ஊற்றினார், குச்சியைப் பிடித்துக் கலக்கினார்.

வீடியோவில் வராதது இதுதான்: இதெல்லாம் ஆய்வுக்கூடத்துக்குள் மட்டுமே நடந்தது. மண்டையில் பொருத்திய குமிழிலிருந்து தடித்த கம்பி கணினிக்குப் போகும். ஒவ்வொரு முறையும் கணினிக்குப் புதிதாகக் கற்றுக்கொடுக்க வேண்டும். வீட்டுக்குப் போனால் பழைய கைதான். ஏழு வருடம் கழித்து, 2021இல், அந்தச் சில்லை எடுத்தாயிற்று. அது பணம் கட்டி வாங்கும் சிகிச்சை இல்லை, ஆராய்ச்சி. ஒன்றரை ஏக்கரை விற்றாலும் ஒன்பது ஏக்கரை விற்றாலும் அதை வாங்க முடியாது.

#4 வாசகன்77

ஆக மொத்தம் கண்காட்சி. இந்தக் கம்பெனிகள் எல்லாமே இப்படித்தான். எலான் மஸ்க் சில்லு வைத்தவர்கூடக் கையை அசைக்கிறார் என்றுதானே பேசிக்கொள்கிறார்கள்?

#5 மின்னோட்டம்

இல்லை. நியூராலிங்க் 2024 ஜனவரியில் முதலில் பொருத்தப்பட்ட நோலண்ட் ஆர்பா அசைப்பது கணினித் திரையில் உள்ள அம்புக்குறியை. சதுரங்கம் விளையாடுகிறார். கை அசையவில்லை. இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள்.

ஆனால் 'கண்காட்சி' என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிடாதீர்கள். கிளீவ்லாந்தில் பில் கோச்செவர் என்று ஒருவர் இருந்தார். சைக்கிளில் போகும்போது அடிபட்டவர், தோளுக்குக் கீழே எதுவும் அசையாது. மூளையில் இரண்டு சில்லுகள், கைத் தசைகளுக்குள் 36 மின்முனைகள். 2017இல் லான்செட் இதழில் வந்தது. மசித்த உருளைக்கிழங்கைத் தன் கையாலேயே கரண்டியில் எடுத்துத் தின்றார். தசைக்குப் பலம் வரவே முதலில் பல மாதம் மின்பயிற்சி கொடுக்க வேண்டியிருந்தது. சும்மா கிடந்த தசை அவ்வளவு சூம்பியிருக்கும். தம்பிக்கும் அது பொருந்தும், ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

அதற்கும் முன்னால் ஒரு கதை இருக்கிறது, எனக்கு அதுதான் அதிகம் வலிக்கும். ஃப்ரீஹேண்ட் என்ற கருவி, அதுவும் கிளீவ்லாந்துதான், ஹண்டர் பெக்கம் குழு செய்தது. சி5, சி6 ஆட்களுக்காகவே செய்தார்கள். மூளையைத் தொடவே இல்லை. எதிர்ப்பக்கத் தோளைக் கொஞ்சம் அசைத்தால், உள்ளே வைத்த மின்முனைகள் விரல்களை மூடும், திறக்கும். முள்கரண்டி பிடிக்கலாம், பேனா பிடிக்கலாம். வீட்டிலேயே, தினமும். 1997இல் எஃப்.டி.ஏ (மருந்து, கருவிகளைச் சோதித்து அனுமதிக்கும் அமெரிக்க அரசு அமைப்பு) அனுமதி கிடைத்தது, 250 பேருக்கு மேல் பொருத்தினார்கள். 2001இல் கம்பெனி சந்தையைவிட்டுப் போய்விட்டது. கருவி நன்றாகத்தான் வேலை செய்தது. வாங்க ஆள் போதவில்லை, அவ்வளவுதான்.

#6 வாசகன்77

சரி, ஃப்ரீஹேண்ட் விஷயம் எனக்குத் தெரியாது. வாபஸ். ஆனால் வேலை செய்த கருவியையே கடையைச் சாத்திவிட்டுப் போனார்கள் என்றால், இப்போது வருகிறவர்களை மட்டும் எப்படி நம்புவது?

#7 பிசியோ_மீனா

மதுரைப் பக்கம் பிசியோதெரபிஸ்ட். தண்டுவடக் காயம் உள்ளவர்களோடுதான் தினமும் வேலை.

பொதிகை, உங்கள் தம்பிக்கு ரிப்போர்ட்டில் சி6 என்பதற்குப் பக்கத்தில் ஏ, பி, சி, டி என்று ஏதாவது ஓர் எழுத்து இருக்கும், பாருங்கள். எண் எங்கே அடிபட்டது என்று சொல்கிறது, எழுத்து எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று சொல்கிறது. ஏ என்றால் கடைசி நரம்புவரை எதுவும் இறங்கவில்லை. மலவாயைச் சுற்றிச் சின்ன உணர்வு இருந்தாலும் அது ஏ இல்லை; உணர்வு மட்டும் இருந்து அசைவு இல்லாவிட்டால் பி. பல இடங்களில் கூச்சப்பட்டு அந்தப் பரிசோதனையைச் செய்யாமலே ஏ என்று எழுதிவிடுகிறார்கள்.

எதற்குக் கேட்கிறேன் என்றால், கத்தி வைக்காத ஒரு முறை வந்திருக்கிறது. ஆர்க்-எக்ஸ் என்று பெயர். கழுத்துக்குப் பின்னால் தோலில் ஒட்டுப்பட்டை ஒட்டி மின்சாரம் கொடுப்பார்கள். அந்த மின்சாரம் கையை அசைக்காது. அடிபட்ட இடத்துக்குக் கீழே இருக்கும் நரம்புகளைக் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார வைக்கும். மேலேயிருந்து தப்பித்தவறி முணுமுணுப்பாக வரும் கட்டளை அப்போது அவற்றுக்குக் கேட்கும். முணுமுணுப்புகூட இல்லை என்றால் காதைத் தீட்டி என்ன பயன்? அதனால்தான் ஏ ஆட்களை அந்த ஆய்வில் சேர்க்கவில்லை. 60 பேர், முதல் இரண்டு மாதம் வெறும் பயிற்சி, அடுத்த இரண்டு மாதம் பயிற்சியோடு மின்சாரம். 72 சதவீதம் பேருக்குப் பலத்திலும் கை வேலையிலும் முன்னேற்றம் வந்தது. அடிபட்டு 34 வருடம் ஆனவருக்கும் பலன் தெரிந்திருக்கிறது. 2024 மே மாதம் நேச்சர் மெடிசினில் வெளியானது, அதே வருடம் டிசம்பரில் எஃப்.டி.ஏ அனுமதித்தது.

#8 வாசகன்77

தேடிப் படித்தேன். பொய் மின்சாரம் கொடுத்து ஒப்பிட்டுப் பார்த்த குழு இல்லை. எல்லாருக்கும் எல்லாமே கொடுத்திருக்கிறார்கள். நாலு மாதம் விடாமல் பயிற்சி செய்தால் கொஞ்சம் முன்னேற்றம் வரத்தானே செய்யும்?

#9 பிசியோ_மீனா

நியாயமான கேள்வி. முதல் இரண்டு மாதப் பயிற்சியோடு ஒப்பிட்டுத்தான் அடுத்த இரண்டு மாதத்தைக் கணக்கிட்டார்கள். அது அரைப் பதில்தான், முழுப் பதில் இல்லை. என் அனுபவத்தில் பழைய நோயாளிகளுக்கு வெறும் பயிற்சியில் இவ்வளவு வராது. ஆனால் என் அனுபவத்தை ஆய்வு என்று சொல்ல மாட்டேன்.

#10 பொதிகைச்சாரல்

மேடம், பார்த்தேன். பி என்று இருக்கிறது. இந்த எழுத்துக்கு அர்த்தம் என்ன என்று எட்டு மாதத்தில் ஒருத்தரும் சொல்லவில்லை.

#11 குறிஞ்சிப்பூ

எங்கள் ஊர் பிசியோவிடம் டென்ஸ் மெஷின் இருக்கிறது, இடுப்பு வலிக்கு வைப்பார். அதையே கழுத்தில் ஒட்டினால் ஆகாதா? அதுவும் மின்சாரம்தானே.

#12 பிசியோ_மீனா

வேண்டவே வேண்டாம் அக்கா. அடுப்புத் தீயும் தீதான், விளக்குத் தீயும் தீதான். ஆர்க்-எக்ஸில் மின்சாரத்தை மிக வேகமான துடிப்புகளாக நறுக்கி, தோலில் வலியில்லாமல் உள்ளே இறங்கும்படி அனுப்புகிறார்கள். டென்ஸ் அப்படி இல்லை.

இன்னொன்றையும் இந்த இழையைப் படிக்கிற வீட்டார் எல்லாரும் தெரிந்துகொள்ளுங்கள். மார்புப் பகுதியில் ஆறாவது நரம்புக்கு மேலே, அதாவது டி6க்கு மேலே அடிபட்டவர்களுக்கு, கீழே ஏதாவது உறுத்தல் வந்தால் ரத்த அழுத்தம் சட்டென்று எகிறும். தலை பிளக்கிற மாதிரி வலி, முகம் சிவந்து வியர்க்கும். நிரம்பிய சிறுநீர்ப்பை போதும், கண்ட இடத்தில் வைத்த மின்சாரமும் போதும். வந்தால் முதலில் நிமிர்த்தி உட்கார வையுங்கள், கத்தீட்டர் குழாய் எங்காவது மடிந்திருக்கிறதா பாருங்கள், இறங்காவிட்டால் உடனே மருத்துவமனை.

#13 இரண்டாமாண்டு

மருத்துவ மாணவன். தலைக்கும் கைக்கும் ஒரே நேரத்தில் மின்தூண்டல் கொடுப்பது பற்றி வகுப்பில் ஒரு வரி சொன்னார்கள், புரியவில்லை. அது எந்த வகை?

#14 மின்னோட்டம்

எனக்குப் பிடித்த விஷயத்தைக் கேட்டுவிட்டாய் தம்பி, கொஞ்சம் நீளமாகப் போகும்.

அமெரிக்காவில் மோனிகா பெரெஸ் என்ற ஆய்வாளர் செய்தது. 2012இல் முதல் கட்டுரை. மண்டைக்கு மேலே ஒரு காந்தச் சுருளை வைத்து ஒரு தட்டு. மணிக்கட்டில் நரம்பின் மேல் மின்சாரத்தால் ஒரு தட்டு. மேலேயிருந்து ஒரு துடிப்பு தண்டுவடத்துக்கு இறங்கும். கீழேயிருந்து ஒன்று கை வழியாகப் பின்னோக்கி ஏறும். இரண்டும் கழுத்துக்குள், மூளையின் நரம்பு தசையின் நரம்பைத் தொடும் அந்தச் சந்தில் சேர வேண்டும். சும்மா சேர்ந்தால் போதாது, மூளையிலிருந்து வருவது 1 முதல் 2 மில்லி விநாடி முன்னால் வந்துசேர வேண்டும். கைத் துடிப்பு கடக்க வேண்டிய தூரம் ஆளுக்கு ஆள் மாறும், அதனால் ஒவ்வொருவருக்கும் தனியாக அளந்துதான் நேரம் வைப்பார்கள்.

நேரம் சரியாக அமைந்தால் அந்தச் சந்து கொஞ்சம் இறுகும். முதலில் பேசியவனும் உடனே எழுந்தவனும் கூட்டாளிகள் என்று உடம்பு முடிவு செய்கிறது. 10 விநாடிக்கு ஒன்று என்று 100 ஜோடி, 17 நிமிடத்தில் முடிந்துவிடும். ஆள்காட்டி விரலை அசைக்கும் தசையில் 80 நிமிடம்வரை பலன் நின்றது. வரிசையை மாற்றிக் கைத் துடிப்பை முந்தவிட்டால் அந்தப் பலன் இல்லை. அதே மின்சாரம், அதே அளவு, ஓரிரு மில்லி விநாடிதான் வித்தியாசம்.

80 நிமிடம் எதற்கு ஆகும் என்று கேட்பாய். அந்த நேரத்துக்குள் பயிற்சியைச் செய்து பழக்கமாக்கிவிடலாம் என்பதுதான் கணக்கு. பலநாள் தொடர்ந்து செய்து பார்த்தவர்களுக்குப் பலன் கூடுதலாக நின்றிருக்கிறது. பைபாஸ் சில்லு உடைந்த பாலத்தைச் சுற்றிப் போகிறது. இது பாலத்தில் மிச்சமிருக்கும் ஒற்றைப் பலகையைப் பலப்படுத்துகிறது. எனக்கு இதுதான் மரியாதையான வழியாகப் படுகிறது.

#15 ஆரோக்கியம்_ஸ்டெம்

தண்டுவட நோயாளிகள் கவலை வேண்டாம், ஸ்டெம் செல் ஊசி மூன்றே தவணையில் விரல் அசையும், தொடர்புக்கு [எண் நீக்கப்பட்டது. இன்னொரு முறை போட்டால் கணக்கு முடக்கப்படும். – நெறியாளர்]

#16 நாலுசக்கரம்

மேலே உள்ளவரின் அண்ணன் தம்பிகளிடம் நானும் ஒரு காலத்தில் பணம் கட்டியவன். எவ்வளவு என்று இங்கே எழுதினால் என் மனைவி படித்துவிடுவாள்.

பொதிகை, உங்கள் முதல் பதிவில் எல்லாரும் சில்லைப் பிடித்துக்கொண்டார்கள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது கடைசியில் நீங்கள் போகிற போக்கில் எழுதியதுதான். அம்மா சொடக்கு எடுத்து விரலை நேராக்குகிறார் என்கிறீர்களே, அதை இன்றைக்கே நிறுத்தச் சொல்லுங்கள்.

ஏன் என்று உங்கள் கையிலேயே பார்க்கலாம். முழங்கையை மேசையில் ஊன்றி, கையைத் தளர்வாகத் தொங்கவிடுங்கள். விரல்கள் தானாக விரியும். இப்போது மணிக்கட்டை மட்டும் மெதுவாகப் பின்னால் தூக்குங்கள், விரலுக்கு வேலை கொடுக்காதீர்கள். விரல்கள் தானாகச் சுருளும், கட்டைவிரல் ஆள்காட்டி விரலின் பக்கவாட்டில் வந்து ஒட்டும். விரல் நாண்கள், அதாவது தசையை எலும்போடு கட்டும் கயிறுகள், மணிக்கட்டைத் தாண்டிப் போவதால் அவை இழுபடுகின்றன. சி6 ஆட்களுக்குக் கடவுள் விட்டுவைத்த கை இதுதான். விரல் செத்திருந்தாலும் மணிக்கட்டு தூக்கினால் பிடி வரும். நான் பல் தேய்ப்பது, சாப்பிடுவது, இந்தப் பதிவை எழுதுவது எல்லாம் இந்தப் பிடியில்தான்.

அந்த நாண்கள் கொஞ்சம் குட்டையாக, விறைப்பாக இருந்தால்தான் பிடி வரும். மணிக்கட்டைத் தூக்கிவைத்து விரலையும் நேராக இழுத்தால் அவை தளர்ந்து, பழைய ஜட்டி எலாஸ்டிக் மாதிரி ஆகிவிடும். எனக்கு முதல் வருடம் அப்படித்தான் ஆனது. என் அம்மாவும் பாசமாக நீவினார். இடது கையில் இன்றுவரை பிடி இல்லை. விரலை நேராக்க வேண்டுமென்றால் மணிக்கட்டைக் கீழே தொங்கவிட்டு நேராக்குங்கள். மணிக்கட்டு மேலே இருக்கும்போது விரல் சுருண்டே இருக்கட்டும். கட்டிலில் கை ஊன்றி நகரும்போதும் உள்ளங்கையை விரிக்காமல் முஷ்டியாக ஊன்றச் சொல்லுங்கள்.

சில்லு வந்தாலும் ஒட்டுப்பட்டை வந்தாலும் அது வேலை செய்யக் கை ஒன்று வேண்டுமே.

#17 பிசியோ_மீனா

அண்ணன் சொன்னது நூற்றுக்கு நூறு. நானே முதலில் கேட்டிருக்க வேண்டியது, தவறவிட்டேன்.

இன்னொன்றைச் சேர்க்கிறேன், இது அவசரம். எட்டு மாதம் என்றீர்கள். சில்லு இன்னும் பத்து வருடம் கழித்து வந்தாலும் தம்பி பயன்படுத்திக்கொள்ளலாம். ஆனால் நரம்பு மாற்று அறுவைக்குக் காலக்கெடு உண்டு. வேலை செய்யும் ஒரு நரம்புக் கிளையை வெட்டி, வேலை செய்யாத விரல் நரம்போடு தைப்பார்கள். உள்ளங்கையைத் திருப்பும் வேலைக்கு இரண்டு தசைகள் இருக்கின்றன, ஒன்றின் நரம்பைக் கடன் வாங்கி விரலை விரிக்கக் கொடுக்கலாம். மெல்பர்னில் நடாஷா வான் சைல் குழு 16 பேருக்கு 59 நரம்பு மாற்றுகள் செய்து 2019இல் லான்செட்டில் எழுதினார்கள். நாலு மாற்றுகள் பிடிக்கவில்லை, மற்றவர்களில் பலர் கையைத் திறந்து மூடினார்கள். எல்லாரும் அடிபட்டு 18 மாதத்துக்குள் அறுவைக்கு வந்தவர்கள். அதற்குமேல் தள்ளிப்போட்டால் சில தசைகள் நரம்பை ஏற்கும் நிலையிலேயே இருக்காது. தம்பிக்குப் பொருந்துமா என்று கை அறுவை நிபுணர் பார்த்துத்தான் சொல்ல முடியும், ஆனால் இந்த மாதமே காட்டுங்கள்.

அது முடியாவிட்டால் நாண் மாற்று அறுவை, டெண்டன் டிரான்ஸ்ஃபர். அதற்குக் காலக்கெடு இல்லை.

#18 நாலுசக்கரம்

நாண் மாற்று என்றதும் வேலூர் ஞாபகம் வருகிறது. எனக்கு வலது கையில் செய்ததும் அதுதான், கட்டைவிரல் பிடி நன்றாக இறுகியது. 1940களின் பிற்பகுதியில் பால் பிராண்ட் என்ற மருத்துவர் வேலூர் சி.எம்.சியில் தொழுநோயால் மடங்கிப்போன கைகளுக்கு இப்படி நாணை மாற்றிவைத்துச் சரிசெய்ய ஆரம்பித்தார். அவரிடம் கற்றுக்கொண்ட மேரி வர்கீஸ் 1954இல் விபத்தில் தண்டுவடம் அடிபட்டு இடுப்புக்குக் கீழே செயலிழந்தவர். சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே அந்தக் கைகளுக்கு அறுவை செய்தார். பிறகு 1966இல் வேலூரில் மறுவாழ்வு மையம் உருவானதும் அவரால்தான். நம் பக்கத்திலேயே ஆய்க்குடியில் அமர் சேவா சங்கம் தொடங்கிய ராமகிருஷ்ணன் ஐயாவும் கழுத்தில் அடிபட்டவர்தான். தம்பிக்கு அமெரிக்க வீடியோவோடு இதையும் சொல்லுங்கள்.

#19 வாசகன்77

நான் சண்டைபோட வந்தேன், இப்போது மேசையில் முழங்கையை ஊன்றி உட்கார்ந்திருக்கிறேன். நிஜமாகவே சுருளுகிறது.

#20 பொதிகைச்சாரல்

ஐந்து வாரம் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும்.

கை அறுவை நிபுணரிடம் காட்டினோம். நரம்புப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார். விரலை விரிக்கும் மாற்றுக்கு வாய்ப்பு இருக்கிறது என்றார், உறுதி சொல்லவில்லை. நிலத்தைப் பற்றிய பேச்சு நிற்கவில்லை, ஆனால் அரை ஏக்கருக்கு வந்திருக்கிறது.

அம்மாவிடம் சொன்னதும் அழுதுவிட்டார், நான்தான் கெடுத்துவிட்டேனா என்று. நாண் முழுசாகத் தளரவில்லை என்று மருத்துவர் சொன்ன பிறகுதான் சாப்பிட்டார். ராத்திரியில் விரல் சுருண்டபடி இருக்க ஒரு ஸ்பிளின்ட் கொடுத்திருக்கிறார்கள்.

போன ஞாயிறு தட்டில் காராசேவு இருந்தது. தம்பி மணிக்கட்டைத் தூக்கினான், கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் ஒன்று மாட்டியது. வாய்க்குக் கொண்டுபோவதற்குள் விழுந்தது. இரண்டாவதும் விழுந்தது. மூன்றாவதைத் தின்றான். அப்புறம் தட்டை யாரையும் தொடவிடவில்லை.

அம்மா ஒன்று கேட்கச் சொன்னார்: விரலை விட்டுவிட்டோம், தோளுக்காவது எண்ணெய் தேய்க்கலாமா?

#21 பிசியோ_மீனா

தோளுக்குத் தாராளமாகத் தேய்க்கச் சொல்லுங்கள், அந்தத் தோள் நாள் முழுக்க உழைக்கிறது. எண்ணெயை மட்டும் சூடு பண்ண வேண்டாம். தோளில் உணர்வு இருக்கும், ஆனால் வழிந்து கைக்கோ முதுகுக்கோ இறங்கினால் கொப்புளம் வந்ததுகூட அவனுக்குத் தெரியாது.